ஹார்ப் டோன்

திண்டுக்கல்லில் ஒரு கான்வென்ட் பள்ளியில் நான் பாட்டு டீச்சர். எங்கள் பள்ளியில் ஒரு ஹார்ப் இருந்தது. வெளிநாட்டிலிருந்து வந்து சில காலம் தங்கிய சிஸ்டர் ஒருவர் கொண்டுவந்தது. விசா முடிந்து திரும்பும்போது அவரால் அதைத் தூக்கிக்கொண்டு போக முடியவில்லை. மார்பு உயரம், தோளில் சாய்த்து விரலால் மீட்டும் முப்பத்துநான்கு கம்பிகள். ஹாலில் இடத்தை அடைக்கிறது என்று தலைமை சிஸ்டர் சலித்துக்கொண்டபோது, என் வீட்டில் வைத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். அன்றைக்கே எடுத்துப்போகச் சொல்லிவிட்டார். ஆட்டோவில் ஏறவில்லை. காலித் தக்காளிப் பெட்டிகளோடு ஒரு குட்டியானை வண்டியில் வந்து இறங்கியது.

சொல்லிக்கொடுக்க ஊரில் ஆள் இல்லை. போனில் வீடியோ பார்த்துப் பார்த்துக் கற்றேன். விரல் நுனிகள் கொப்பளித்து, உரிந்து, காய்த்துப் போயின. இரண்டு வருடத்தில் கிறிஸ்மஸ் பாட்டுகளை ஒழுங்காக வாசிக்க வந்தது. அத்தோடு நிறுத்தியிருக்கலாம்.

ஜாஸ் என் வீட்டுக்குள் வந்தது ஒரு சாக்ஸபோன்காரரால். அரசுப் பள்ளி ஆசிரியர். மாதா கோவில் திருவிழாவில் வாசிப்பார். நான் அவரை அண்ணே என்பேன், அவர் என்னை டீச்சர் என்பார். பாஸ் கிடார், டிரம்ஸ், கீபோர்டு என்று மூன்று பேரைச் சேர்த்து ஒரு ஜாஸ் குழு வைத்திருந்தார். கீபோர்டு வாசிப்பவர் பழனியில் மருந்துக்கடை வைத்திருப்பவர், அதிகம் பேசமாட்டார். ஹார்ப்பைப் பார்த்த அன்றே அண்ணன் கேட்டார்.

“இத ஜாஸ்ல வாசிச்சவங்கள விரல் விட்டு எண்ணிரலாம் டீச்சர். அதுல ஒரு ஆளு நம்ம திண்டுக்கல்லா இருந்தா எப்பிடி இருக்கும்?”

அந்தக் கேள்வியில் நான் விழுந்தேன். அந்தக் காலத்திலேயே அமெரிக்காவில் ஒன்றிரண்டு பெண்கள் வாசித்திருக்கிறார்கள் என்று தேடிக் கண்டுபிடித்துக் கேட்டேன். மற்றவர்கள் ஏன் இந்த வழிக்கு வரவில்லை என்பது உட்கார்ந்த பிறகுதான் புரிந்தது. கீபோர்டில் அரைச் சுரங்களுக்குக் கறுப்புக் கட்டைகள் இருக்கின்றன. என் ஹார்ப்பில் அப்படி எதுவும் இல்லை. ஒரு கம்பியின் சுரத்தை அரை அளவு ஏற்ற வேண்டுமானால் அதன் தலையில் இருக்கும் லீவரை இடது கையால் தட்ட வேண்டும். ஜாஸில் சுரங்கள் நொடிக்கு நொடி மாறும். வலது கை வாசித்துக்கொண்டிருக்க, இடது கை பாதியில் ஓடிப்போய் லீவரைத் தட்டிவிட்டு, அடுத்த தாளத்துக்குள் திரும்பி வந்துவிட வேண்டும். எனக்கென்று அண்ணன் ஒதுக்கியது ஒரு நிமிடத்துக்கும் குறைவான தனி வாசிப்பு. அதற்காக ஆறு மாதம் உழைத்தேன். சமைக்கும்போதுகூட இடது கை காற்றில் தட்டிக்கொண்டிருக்கும்.

முதல் நிகழ்ச்சி ஒட்டன்சத்திரத்துக் காய்கறி மொத்த வியாபாரி ஒருவரின் மகள் திருமண வரவேற்பு. பெண் வெளிநாட்டில் படித்தவள், ஜாஸ் வேண்டும் என்று அவள்தான் கேட்டாளாம். மேடையேறியதும் வியாபாரி என்னிடம் வந்தார். “ஏனுங்க, அந்தப் பெரிய வீணை நடுவுல இருக்கட்டுங்க. போட்டோவுக்கு எடுப்பா இருக்கும்.” நடுவில் வைத்தார்கள். என் முன்னால் ஒரு மைக்கும் நின்றது.

என் முறை வந்தது. மூன்றாவது வரியில் ஒரு லீவரைத் தட்ட மறந்துவிட்டேன். தவறான சுரம் என் காதோரம் நறுக்கென்று விழுந்தது. முகம் மாறாமல் சமாளித்து முடித்தேன். ஸ்பீக்கரிலிருந்து ஹார்ப் ஒலி மண்டபம் முழுக்கப் பரவியது. ஜனங்கள் கை தட்டினார்கள். மணப்பெண் எழுந்து நின்றே தட்டினாள். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்த ஒரு தவறை நினைத்துப் புழுங்கினேன்.

ஒரு வாரம் கழித்து வீடியோ வந்தது. தவறு எவ்வளவு அசிங்கமாகக் கேட்கிறது என்று தெரிந்துகொள்ளத்தான் அதைப் போட்டேன். மூன்றாவது வரியில் தவறே இல்லை. மறுபடி போட்டேன். என் இடது கை லீவரைத் தட்டாமல் விடுவது திரையில் தெரிகிறது. ஒலி மட்டும் சுத்தமாக வருகிறது. ஓரத்தில் மருந்துக்கடைக்காரர் குனிந்து வாசித்துக்கொண்டிருந்தார். கீபோர்டில் ஹார்ப் டோன் என்று ஒன்று உண்டு. ஒரு பட்டனை அழுத்தினால் போதும், ஹார்ப் போலவே ஒலிக்கும்.

கணவரிடம் காட்டினேன். “நல்லாத்தான வந்திருக்கு, இதுக்கா அழுகுற?” என்றார். அவருக்கு வித்தியாசம் தெரியவில்லை. பக்கத்து அறையில் இரண்டரை வருடம் கேட்டவர் அவர்.

மறுநாள் அண்ணனிடம் போய்க் கேட்டேன். அவர் மறைக்கவில்லை.

“ஒங்க மைக்க ஏத்துனா கீன்னு கூவுது டீச்சர். ஏசில சுருதி வேற எறங்கிருது. அதான் ஒங்க மைக்க அடைச்சிட்டோம்.”

“எங்கிட்ட சொல்லிருக்கலாம்ல அண்ணே?”

“சொன்னா நீங்க வந்திருக்க மாட்டீங்க.”

அது உண்மை. ஆனால் தெரிந்த பிறகும் நான் போனேன் என்பதும் உண்மை. இன்னும் இரண்டு வரவேற்புகளில் உட்கார்ந்து மீட்டினேன். வெட்கத்தை விட்டுச் சொன்னால், அந்தக் கைதட்டல் வேண்டியிருந்தது. அதற்கும் அடுத்ததற்கு அழைத்தபோதுதான் மாட்டேன் என்றேன். மைக்கைத் திறந்தால் வருகிறேன் என்றும் சொன்னேன். அதற்கு அவர், “அப்ப ஹார்ப்ப மட்டும் குடுங்க டீச்சர். உக்கார்றதுக்கு ஒரு பிள்ள இருக்கு” என்றார்.

கொடுக்கமாட்டேன் என்றேன். ஆனால் அது என்னுடையது இல்லையே. அவர் நேரே தலைமை சிஸ்டரிடம் போனார். பள்ளிக்கும் நல்ல பெயர்தானே என்று சிஸ்டர் அனுமதி கொடுத்தார். அடுத்த சனிக்கிழமை இரண்டு பேர் வந்து தூக்கிப்போனார்கள். உறை போட்டு எடுங்கள் என்று நான் சொல்வதற்குள் வண்டியில் படுக்க வைத்துவிட்டார்கள்.

போன மாதம் அண்ணனின் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் ஒரு படம் பார்த்தேன். வெள்ளை கவுன், தலையில் பூ, அழகான பெண். ஹார்ப்பை இடது தோளில் சாய்த்து உட்கார்ந்திருந்தாள். வலது தோளில்தான் சாய்க்க வேண்டும். அந்தப் பக்கம் உட்கார்ந்து யாராலும் ஒழுங்காக ஒரு வரிகூட வாசிக்க முடியாது. பார்த்தீர்களா, எப்படி இருக்கிறது என்று அன்று சாயங்காலம் அண்ணன் கேட்டிருந்தார்.

நன்றாக இருக்கிறது என்று பதில் போட்டேன்.