விருந்தாளிக்குக் காட்டிய கௌதாரி

புதுமடத்துச் சாலையிலிருந்து கடற்கரைக்குப் போகும் உடைமரக் காட்டுப் பாதை கூப்பிடு தூரம்தான். பிள்ளைகளே, சுதந்திரம் வந்த மறுவருஷம், விருந்துக்கு வந்திருந்த என் தங்கை கணவரை ஒருநாள் காலையில் அந்த வழியே அழைத்துப் போனேன். மணலில் முயல் ஓடிய தடத்தைக் காட்டினேன். பிறகு ஒரு புதரடியில் தாய்க் கௌதாரியையும் அதன் ஆறு குஞ்சுகளையும் காட்டினேன். புத்திகெட்டுப்போய்க் காட்டினேன்.

மறுநாள் மத்தியானம் இலையில் கறி விழுந்தது. அது அந்தத் தாய்க் கௌதாரிதான் என்று தங்கை சொன்னதும் அவர் பக்கம் திரும்பினேன்.

“குஞ்சோட இருந்ததுக்கா கண்ணி வச்சீக, மாப்ள?”

“காட்டுக் கௌதாரிக்குப் பட்டாவா வாங்கி வச்சிருக்கீக, மச்சான்? சோறு ஆறுது, சாப்பிடுங்க.”

விருந்தாளி முன்னால் செய்யக்கூடாததைச் செய்தேன். ஒரு பருக்கையும் தொடாமல் இலையை மூடிவிட்டுக் காட்டுக்கு ஓடினேன். பொழுது சாயும்வரை தேடியும் ஒரு குஞ்சுகூடக் கிடைக்கவில்லை. கீரிக்கும் காக்கைக்கும் அரைநாள் போதாதா?

மரியாதை தெரியாதவன் என்று அவர் இன்றைக்கும் என்னைச் சொல்கிறார். சொல்லட்டும். நீங்கள் அந்தப் பாதையில் எதைக் கண்டாலும், வீட்டுக்கு வந்தவர்களிடம் வாய் திறக்காதீர்கள்.