ஃபர்னஸ் ஆளுக்கு நான் நிறுத்திய டீ

1. டிராலியில் வந்தவர்

பெங்களூரை ஒட்டிய பொம்மசந்திராவில் கியர் செய்யும் கம்பெனி ஒன்றின் ஃபர்ஸ்ட் எய்ட் ரூமில் பதினொரு வருடம் நர்ஸாக இருந்தேன். காக்ஸ் டவுனிலிருந்து கம்பெனி பஸ்ஸில் போய் இறங்குவதற்குள்ளேயே பாதி உயிர் போய்விடும். மீதியை வாங்குவதற்கு ஆளுக்கொரு வைத்தியம் சொல்லும் ஆட்கள் உள்ளே இருப்பார்கள்.

தொண்ணூற்றெட்டில் ஒரு காலை, கியரைப் பழுக்கக் காய்ச்சி எண்ணெயில் முக்கும் ஹீட் ட்ரீட்மென்ட் செக்‌ஷனிலிருந்து வேலுவைச் சாமான் டிராலியில் உட்காரவைத்துத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். வேலு ஃபர்னஸ் ஆபரேட்டர். தர்மபுரிக்காரர், ஆனேக்கல்லில் குடியிருந்தார். சேஃப்டி ஷூவைக் கழற்றினால் பெருவிரல் மூட்டு வீங்கி, சிவந்து பளபளக்கிறது. சாக்ஸ் உரசியதற்கே பல்லைக் கடித்தார். நாலு மாதத்தில் மூன்றாவது தடவை.

கவுட். இரத்தத்தில் யூரிக் ஆசிட் கூடி, மூட்டில் உப்பைப் போலப் படிந்து குத்தும் நோய். முதல் தடவையே கம்பெனி டாக்டர் இரத்தம் பரிசோதித்துப் பார்த்து, பீர் கூடாது, ஈரல், குடல் கறி கூடாது, மாத்திரையை நிறுத்தக் கூடாது என்று சொல்லியிருந்தார்.

டிராலிக்குப் பின்னாலேயே புரொடக்‌ஷன் மேனேஜர் வந்தார்.

"இன்னொரு தடவ இப்படி ஆச்சுன்னா டாக்டர்கிட்ட அன்ஃபிட்னு எழுதி வாங்கிடுங்க சிஸ்டர். ஷூ போட முடியாத ஆள ஃபர்னஸ்கிட்ட நிக்க வைக்க முடியாது."

அன்ஃபிட் என்றால் நேரே வீட்டுக்குத்தான். வேலுவுக்கு அந்த ஃபர்னஸைத் தவிர வேறு வேலை தெரியாது. அவர் என் முகத்தைப் பார்த்தார். நான் அவர் காலைப் பார்த்தேன்.

2. பதிலுக்கு என்ன?

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. பீர் குடித்தீர்களா என்று அதட்டினேன். இல்லை என்றார். ஈரல்? தொடவே இல்லை. மாத்திரை அட்டையைப் பையிலிருந்து எடுத்துக் காட்டினார். கணக்கு சரியாக இருந்தது. டிராலி தள்ளி வந்தவர்களில் ஒருவர் தக்காளிதான் காரணம் என்றார், இன்னொருவர் ஃபர்னஸ் சூடு என்றார். இருவரையும் வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினேன்.

"நீங்க சொன்னதெல்லாம் விட்டுட்டேன் சிஸ்டர். டீ கூட விட்டுட்டேன். அதான் ரொம்ப பேஜாரு" என்றார் வேலு.

டாக்டர் டீயைப் பற்றி ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. சொன்னது நான். படிக்கிற காலத்தில் எழுதிய என் நோட்டில், கவுட் என்றால் டீ, காபி கூடாது என்று இருந்தது. டாக்டரின் பட்டியலுக்குக் கீழே என் கையால் அதையும் சேர்த்து எழுதிக் கொடுத்திருந்தேன். அதிகப்பிரசங்கித்தனம்.

"சரி, டீக்குப் பதிலா என்ன குடிக்கிறீங்க?"

"எங்க போய்க் குடிக்கிறது? டீக்குத்தான ரிலீவர் வருவான்."

ஃபர்னஸைத் தனியே விட்டுப் போகக் கூடாது. ஷிஃப்டில் இரண்டு தடவை மாற்று ஆள் வந்து நிற்பார். அந்தப் பத்து நிமிடத்தில் ஆபரேட்டர் கேன்டீனுக்குப் போய் டீ குடித்து, வயிறு முட்டத் தண்ணீரும் குடித்து வருவார். எண்ணெய்த் தொட்டியில் தண்ணீர் சிந்தினால் தீ எழும்பும் என்பதால் உள்ளே பாட்டில் கொண்டுபோகவும் தடை. வேலு டீயை விட்டதும், உனக்குத்தான் டீ இல்லையே என்று சூப்பர்வைசர் ரிலீவரை நிறுத்திவிட்டார். வேலுவும் வாயைத் திறக்கவில்லை. சாப்பாட்டு வேளை தவிர எட்டு மணி நேரமும் அந்த அனலில் ஒரு வாய் தண்ணீர் இல்லை. ஷிஃப்ட் முடிந்ததும் கேட்டுக்கு வெளியே இரண்டு பாட்டில் ஆரஞ்சு கலர் சோடா, தினமும்.

3. சீட்டு

வெள்ளிக்கிழமை டாக்டர் வந்தார். டீ, காபியால் கவுட் வராது, உடம்பில் தண்ணீர் வற்றினால் யூரிக் ஆசிட் ஏறும், சர்க்கரைத் தண்ணீர் அதை இன்னும் ஏற்றும் என்றார். டீயை நிறுத்தச் சொன்ன புண்ணியவான் யார் என்று கேட்டார். நான்தான் என்றேன். அவர் அடுத்த ஆளைக் கூப்பிடச் சொன்னார். திட்டியிருந்தாலாவது மனசு ஆறியிருக்கும்.

மேனேஜரிடம் போய்த் தப்பு என்னுடையது, ரிலீவரைத் திரும்பக் கொடுங்கள் என்றேன். தண்ணீர் குடிக்க ரிலீவர் கொடுக்க ரூல் இல்லை, டீக்குத்தான் இருக்கிறது என்றார். நாற்காலியைத் தூக்கி அடிக்கலாம் போலிருந்தது. திரும்பி வந்து ஒரு சீட்டு எழுதினேன்: 'வேலு தினமும் இரண்டு வேளை கேன்டீனில் சர்க்கரை இல்லாத டீ குடித்தாக வேண்டும்.' டாக்டர் சிரிக்காமல் கையெழுத்துப் போட்டார்.

ரிலீவர் திரும்ப வந்தார். கலரும் நின்றது. அதற்குப் பிறகு ஒரே ஒரு தடவை வலி வந்தது. அன்றும் தன் காலால் நடந்தே வந்தார். அன்ஃபிட் பேச்சு அதோடு அடங்கியது.

காபி குடிப்பவர்களுக்குக் கவுட் குறைவாகவே வருகிறது, டீயால் கூடுவதாகத் தெரியவில்லை என்று பிற்பாடு டாக்டர்கள் சொல்லக் கேட்டேன். அதற்காக யாருக்கும் காபியை மருந்தென்று எழுதிக் கொடுக்காதீர்கள். ஒரு தடவை எழுதிப் பட்டது போதும். புதிதாக வேலைக்கு வரும் நர்ஸ்களுக்கு நான் சொல்வது இதுதான்: ஒருவரிடம் எதையாவது நிறுத்தச் சொல்லுமுன், அதோடு சேர்ந்து வேறு என்னவெல்லாம் நின்றுபோகும் என்று கேளுங்கள்.

வேலு அந்தச் சீட்டை லேமினேட் செய்து ஐடி கார்டோடு கழுத்தில் மாட்டிக்கொண்டார். எழுதியது சிஸ்டர் என்று எல்லாரிடமும் பெருமையாகக் காட்டுவார். டீ கூடாது என்று முதலில் எழுதிக் கொடுத்ததும் அதே சிஸ்டர்தான் என்பதை அவர் யாரிடமும் சொன்னதில்லை.