அடைக்கோழியை இடம் மாற்றக் கூடாது

அந்த ஐப்பசியில் எங்கள் கருங்கோழியைப் பதிமூன்று முட்டை வைத்து அடைக்கு உட்கார்த்தினோம். முட்டையை ஒற்றைப்படையில்தான் வைக்க வேண்டும் என்பது அம்மாவின் சட்டம். பொரிக்க இருபத்தொரு நாள் ஆகும். நாள் தவறிவிடக் கூடாது என்று விறகுக் கொட்டகைச் சுவரில் தினமும் கரித்துண்டால் ஒரு கோடு போட்டு வந்தேன். எனக்கு அப்போது பதிமூன்று வயது, தங்கச்சிக்கு ஒன்பது.

எண்பதுகளின் தொடக்கம் அது. ராஜபாளையத்தில் எங்கள் வீடு கண்மாய்க்குக் கீழே, தெருவின் கடைசியில் இருந்தது. அய்யனார் கோவில் பக்கத்து மலையில் இரண்டு நாள் சேர்ந்தாற்போல் மழை பெய்தால் போதும், கண்மாய் நிரம்பி மறுகால் பாயும். அந்தத் தண்ணீர் நேராக எங்கள் கொல்லைக்கு வந்துதான் இளைப்பாறும். வாசலில் ஏழு படி வைத்து வீட்டை உயர்த்திக் கட்டியவர்கள் கொல்லையை அப்படியே விட்டுவிட்டார்கள். விறகுக் கொட்டகை அந்தக் கொல்லையில்தான் இருந்தது. கருங்கோழி முட்டையிட்டுப் பழகிய மூலையும் அதற்குள்தான். அங்கே தவிர வேறெங்கும் அது உட்காராது.

முந்தின வருஷமும் இதே கோழி, இதே மூலைதான். வானம் இருட்டியதைப் பார்த்துப் பயந்துபோன நான், யாரையும் கேட்காமல் கூடையோடு கோழியைத் தூக்கிக்கொண்டுபோய் அடுப்படிப் பரணில் வைத்துவிட்டேன். அடைக்கோழியை இடம் மாற்றினால் அடை கலைந்துவிடும். அது பரணிலிருந்து குதித்து ஓடி, பழைய மூலையில் வெறுந்தரையில் போய் உட்கார்ந்துகொண்டது. பரணில் இருந்த பதினொரு முட்டையும் ஆறிக் கெட்டுப்போயின. அந்த முறை தண்ணீரும் வரவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் கொத்தனாராக இருந்த மாமா, அதற்குப் பிறகு எப்போது வந்தாலும் செருப்பைக் கழற்றும் முன்பே, "எங்கலே அந்தக் கூமுட்டை?" என்று கேட்பார். முட்டையையும் என்னையும் ஒரே சொல்லில் திட்ட அவருக்கு வசதியாக இருந்தது.

ஆகவே இந்த முறை எனக்கு இரண்டு வழியும் அடைபட்டிருந்தன. விட்டுவைத்தால் தண்ணீர் கொண்டுபோகும், எடுத்துவைத்தால் அடை கலையும். ஆறாம் நாள் இதைத் தங்கச்சியிடம் சொல்லிப் புலம்பினேன். அவள் துவைக்கிற தொட்டியில் ஒரு தட்டை மிதக்கவிட்டு, அதன் மேல் ஒவ்வொரு புளியங்கொட்டையாக வைத்துக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தாமலே சொன்னாள்.

"நாம தூக்குனாத்தானண்ணே அது கோவிச்சுக்கிடும். தண்ணி தூக்குனா?"

இன்றைக்கு அவள் வெள்ளம் புகுகிற ஊர்களுக்கு வீடு வரைந்து கொடுக்கிறாள். தண்ணீர் வந்தால் வீடு எழும்பும், வடிந்தால் அதே இடத்தில் இறங்கி உட்காரும். தொண்ணூறுகளில் சென்னைக்குப் போய் ஐந்து வருஷம் கட்டடக்கலை படித்தாள். அதற்குப் பிறகு எத்தனையோ ஊர்கள், எத்தனையோ பேராசிரியர்கள். அவர்களுக்கு உரிய பெருமையில் நான் பங்கு கேட்கவில்லை. ஆனால் அந்த ஒரு வாக்கியத்தை உலகத்தில் முதலில் கேட்டவன் நான். அதை யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

பக்கத்துத் தோட்டத்தில் தார் வெட்டிய வாழையை இரண்டடி நீளத்துக்கு நான்கு துண்டாக்கி, குறுக்கே மூங்கில் குச்சிகளைச் செருகித் தெப்பம் செய்தோம். தொட்டியில் விட்டுச் செங்கல் வைத்துப் பார்த்ததில் மூன்று கல் வரை தாங்கியது. அது ஓடிவிடாமல் இருக்க நான் நான்கு மூலையிலும் கயிறு கட்டினேன். வாளியால் தண்ணீர் ஊற்றி ஏற்றினோம். பதினாறாவது வாளியில் ஒரு கயிறு இழுத்துப் பிடிக்க, தெப்பம் சாய்ந்து மூன்று கல்லும் தொட்டிக்குள் போயின.

"கயிறு வேண்டாம்ணே. நாலு கம்ப நட்டு, கம்பச் சுத்தி வளையம் போடுவோம். மேல போகட்டும், கீழ வரட்டும். பக்கத்துல மட்டும் போகக் கூடாது."

அப்பாவுக்கு நூல் மில்லில் வேலை. பஞ்சுப் பொதியைக் கட்டி வருகிற இரும்புப் பட்டை எங்கள் வீட்டில் எப்போதும் கிடக்கும். அதை வளைத்து வளையம் செய்தோம். முதலில் செய்தவை கம்பைக் கடித்துக்கொண்டு நின்றன. இரண்டு விரல் இடைவெளி விட்ட பிறகு வழுக்கி ஏறி இறங்கின.

அடைக்கோழி ஒரு நாளைக்கு ஒரு முறைதான் எழுந்து இரை தின்னப் போகும். எண்ணிப் பார்த்தேன், அறுநூறு எண்ணுவதற்குள் திரும்பிவிடும். எதைச் செய்தாலும் அந்த அறுநூறுக்குள் செய்தாக வேண்டும். நான்கு நாளில் கூடையைச் சுற்றி நான்கு சவுக்குக் கம்புகளை நட்டோம். கூடை பழைய உயரத்திலேயே இருக்க வேண்டும் என்பதால், தெப்பம் உட்காரக் கீழே பள்ளம் வெட்ட வேண்டியிருந்தது. அதற்கு எங்கள் கைபலம் போதாது. பதிமூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. அப்பாவுக்கு லீவு. மாமாவும் வந்திருந்தார்.

அவர் நான்கு கம்புகளையும் சுற்றிப் பார்த்தார். "என்னட்டீ இது, தேரு கெட்டுதியா?"

"வீடு, மாமா."

"வீடுன்னா அசையக் கூடாதுட்டீ. அசைஞ்சா அதுக்குப் பேரு வண்டி."

"வண்டி முன்னால போகும். இது மேலதான் போகும்."

அப்பா சிரித்துவிட்டார். "பதில் சொல்லுங்க மச்சான்."

"எம்புட்டு வாயி இதுக்கு!" என்றபடி மாமா வேட்டியை மடித்துக் கட்டி மண்வெட்டியை எடுத்தார்.

கோழி எழுந்து போனது. நான் எண்ண ஆரம்பித்தேன். அம்மா முட்டைக் கூடையை மடியில் வைத்து முந்தானையால் மூடிக்கொண்டாள். மாமா வெட்ட, அப்பா மண்ணை அள்ளினார். முந்நூற்று இருபதில் பள்ளம் முடிந்தது. நானூற்று எண்பதில் தெப்பத்தின் மூன்று வளையங்கள் கம்புகளில் இறங்கியிருந்தன. நான்காவது மாட்டவில்லை.

"ஏலே, செத்த நேரம் எண்ணாம இரு. வளையத்த மாட்ட விடு" என்றார் மாமா.

நான் நிறுத்தவில்லை. ஐந்நூற்று எழுபதில் கோழி வந்து நின்றது. தங்கச்சி அந்தக் கம்பைத் தன் பக்கமாக லேசாக வளைத்தாள். வளையம் விழுந்தது. அம்மா கூடையை வைத்து இறுக்கிக் கட்டினாள். கோழி கூடையை மூன்று சுற்றுச் சுற்றியது. ஐந்து பேரும் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றோம். நான்காவது சுற்றில் ஏறி, முட்டைகளை அலகால் நகர்த்தி உட்கார்ந்தது.

பதினேழாம் நாள் மத்தியானம் மழைக்குப் பயந்து பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டார்கள். நாங்கள் ஓடி வந்தபோது கொட்டகைக்குள் முழங்கால் தண்ணீர். தெப்பம் எழும்பியிருந்தது. கோழி அதன் மேல் உட்கார்ந்தபடி, பக்கத்தில் மிதந்துபோன விறகைக் கொத்திப் பார்த்துக்கொண்டிருந்தது. தண்ணீர் ஒன்றரை அடி ஏறியது, தெப்பமும் கூடவே ஏறியது. அம்மா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நடந்துபோய்ச் சிரட்டையில் கம்பம்புல் தானியம் வைத்துவிட்டு வந்தாள். "மகராசி, ஆத்து நடுவுல உக்காந்துல்லா சாப்பிடுதா!" என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னாள். முப்பத்திரண்டு பேர் வந்து பார்த்தார்கள். எல்லாரிடமும், "எந்தங்கச்சி செஞ்சது" என்று சொன்னேன். கேட்காதவர்களிடமும் சொன்னேன்.

தண்ணீர் நான்கு நாள் நின்றது. இருபத்தொன்றாம் நாள் காலையில் குஞ்சுகள் பொரித்தன. மத்தியானத்துக்குள் தண்ணீர் வடிய, தெப்பமும் இறங்கியது. ஆனால் தண்ணீருக்குள் பள்ளத்தின் ஒரு கரை சரிந்து மண் சேர்ந்திருந்தது. அந்தப் பக்கம் தெப்பம் மண்ணில் தட்டி நின்றுவிட, கூடை ஒரு சாண் சாய்ந்துபோனது. குஞ்சுகள் ஒரு மூலைக்கு உருண்டு, ஒன்றன் மேல் ஒன்றாகக் கிடந்து கத்தின. ஒன்றுக்கும் ஒன்றும் ஆகவில்லை.

நான் கொல்லையில் குதித்துக்கொண்டிருந்தேன். தங்கச்சி சேற்றில், ஒரு கம்பைப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள்.

"பதினொன்னுட்டீ! பதிமூணுல பதினொன்னு! எதுக்கு அழுத?"

"சாஞ்சிருச்சுண்ணே."

"சாஞ்சா என்னட்டீ? கோழி விழுந்துச்சா, குஞ்சு விழுந்துச்சா?"

அவள் புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். கண் அந்தச் சரிந்த கரையை விட்டு நகரவில்லை.

"உள்ள ஆளு இருந்தா?"

கோழிக் கூடைக்குள் எந்த ஆள் வந்து இருக்கப்போகிறார் என்று எனக்கு எரிச்சலாக வந்தது. அவளை அங்கேயே விட்டுவிட்டு, எண்ணிக்கை தவறியிருக்குமோ என்று குஞ்சுகளை இன்னொரு முறை எண்ணப் போனேன்.