நாலு துளையும் ஒரு டிக்கெட்டும்

பிரிக்ஃபீல்ட்ஸில் நான் வேலை பார்க்கும் முடிதிருத்தும் கடையில் சவரக்கத்தி என் கையில்தான் இருக்கும். ஆனாலும் கழுத்தை நீட்டி உட்கார்ந்திருப்பவர் என்னை ‘பாஸ்’ என்பார். கும்பகோணத்தில் இதே கத்தியைப் பிடித்த காலத்தில் யாரும் அப்படி அழைத்ததில்லை. சென்ற வருடம் ஆஸ்பத்திரியில், ஆபரேஷனுக்கு முன் என் வயிற்று முடியை மழிக்க வந்த மலாய் உதவியாளரும் “தாக்கூட் கெ, பாஸ்?” என்றார். பயமா என்று கேட்கிறார். நீ பிளேடு பிடிக்கும் அழகைப் பார்த்துத்தான் பயம் என்று சொல்ல என் மலாய் போதவில்லை. தலையாட்டினேன். பாவம், என் கையைத் தடவிக்கொடுத்தார்.

கல் அடைத்து, நான் வெகுநாள் கவனிக்காமல் விட்டதில் இடது கிட்னி செத்துப்போயிருந்தது. விலாவைக் கிழித்து எடுத்தால் செலவு குறைவு. ஆனால் மாதக்கணக்கில் நின்று வேலை செய்ய முடியாது. முதலாளி வேறு ஆளைப் பார்ப்பார், என் வேலை பெர்மிட் போய்விடும். நாலு சிறு துளை போட்டு, கேமரா விட்டு எடுப்பது புதுமுறை. சீக்கிரம் எழுந்து நிற்கலாம். அதற்கு ஊர் டிக்கெட்டுக்காகச் சேர்த்ததெல்லாம் போகும். மனைவி செல்வியைப் பார்த்து மூன்று வருடம். பெர்மிட்டைத்தான் தேர்ந்தேன். ரத்தம் நிற்காவிட்டால் கிழிக்கத்தான் வேண்டும் என்றார் டாக்டர். வீரமாகக் கையெழுத்துப் போட்டேன்; அது என் கையெழுத்து மாதிரியே இல்லை.

கண்விழித்தால் தோள் வலிக்கிறது. “ஐயோ, இடம் மாத்தி அறுத்துட்டாங்களா?” என்று அலறினேன்.

தமிழ் நர்ஸ் சிரித்தாள். “காத்து லா, அங்கிள்! வயித்துக்குள்ள கேஸ் அடிச்சாங்கல்ல, அது தோள்ல காட்டும். கிட்னி போயாச்சு.”

சொன்னபடி சீக்கிரமே கடையில் நின்றேன். சிக்கல் ஊரில்தான் வந்தது. நம் பக்கத்தில் கிட்னி விற்ற கதைகள் அடிபட்டுக்கொண்டிருந்த சமயம். போனில் மைத்துனன் குரலைத் தாழ்த்தினான்.

“மாமா, நமக்குள்ள இருக்கட்டும். என்ன விலைக்குப் போச்சு?”

“டேய், நான் காசு குடுத்து எடுத்தேன்டா!”

“கெட்டுப்போனதை எடுக்கவா காசு?”

செல்வி போனைப் பிடுங்குவது கேட்டது. “வித்த காசு இருந்தா மனுஷன் டிக்கெட் எடுத்து வந்திருக்க மாட்டாராடா?” என்று அவனை அதட்டிவிட்டு என்னிடம், “வலிக்குதாங்க?” என்றாள்.

“கொசுக்கடிதான்.”

“அப்ப எப்ப வரீங்க?”

தோள் வலி என்றேன். அது போய் வெகுநாளாகியிருந்தது.

தழும்புகளை இப்போது கண்ணாடியில் தேடத்தான் வேண்டும். போன வாரம் பெர்மிட்டுக்கு இன்னொரு வருட முத்திரை விழுந்தது. இடது கிட்னிக்கு அந்தத் தொல்லை இல்லை; இந்த ஊரிலேயே தங்கிவிட்டது. மிச்சமிருக்கும் வலதையாவது ஒருமுறை செல்வியிடம் கூட்டிப்போக வேண்டும்.