அருங்காட்சியக வாசலில் செருப்புக் குவியல்

இன்று மாலை மட்டும் அனுமதி இலவசம் என்றார்கள். மலேசியாவில், கிள்ளான் நகரில் இருக்கும் எங்கள் வட்டார வரலாற்று அருங்காட்சியகத்துக்குப் போனேன்.

கடைசி அறையில், கண்ணாடிப் பெட்டிக்குள் மாரியம்மன். இடிபட்ட எஸ்டேட் கோயிலிலிருந்து கொண்டுவந்த சிலையாம். மனசு கேட்கவில்லை. அறை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, உள்ளே போய்க் கும்பிட்டேன்.

திரும்பினால் வாசலில் செருப்புக் குவியல்! என் செருப்பைப் பார்த்து, பின்னால் வந்தவர்களும் கழற்றியிருந்தார்கள்.

காவலுக்கு நின்றவர் ஓடி வந்தார். “அக்கா, நீங்கதானே ஆரம்பிச்சீங்க? நீங்களே எல்லாரையும் செருப்பு போடச் சொல்லுங்க லா. இப்ப டத்தோ பட்டம் வாங்குன பெரிய மனுஷர் வராரு. வாசல்ல இதப் பாத்தா, மேனேஜர் என் வேலைக்கே வேட்டு வச்சிருவாரு.”

“அண்ணே, அம்மன் முன்னாடி நின்னுக்கிட்டு அத எப்படிண்ணே சொல்றது?”

மனிதர் என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். வேறு வழி தெரியவில்லை. நான் போட்டால் மற்றவர்களும் போடுவார்கள் என்று, என் செருப்பை மாட்டிக்கொண்டு உள்ளே வந்து நின்றேன்.

ஓர் அம்மா பிடித்துக்கொண்டார். “ஏம்மா, நெத்தி நெறைய விபூதி, கால்ல செருப்பா? அம்மன்கிட்ட பயமே இல்லையா?”

உதவிக்குக் காவலரைத் தேடினேன். அவர் தம் பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

டத்தோவும் ஷூவைக் கழற்றிவிட்டே வந்தார். அறையில் செருப்போடு நின்றவள் நான் ஒருத்திதான். இதற்கு என்ன பரிகாரம், தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.