ஆறு வினாடி இடைவெளி

“‘இங்கு சிறுநீர் கழிக்காதீர்’னு எழுதி வச்ச செவுரு எந்த ஊர்லடி காஞ்சு கெடக்கு? ‘தோண்டாதே’ன்னு எழுதினா மொத ஆளா வந்து தோண்டுவான்.”

“அப்போ என்னதான் எழுதணும்கிற?”

“எழுதவே எழுதாத இலக்கியா. சாமி டைல்ஸ் ஒட்டு. முருகர், மாதா, மசூதி, மூணும். ஒருத்தன் கிட்ட வர மாட்டான்.”

“வருவான். மாலை போடுவான், விளக்கேத்துவான். அடுத்த வருஷம் மண்டபம் கட்டுறேன்னு கடக்கால் தோண்டுவான்.”

“ஆமால்ல?” என்று சகாய பிரியா சிரித்தாள். நானும் சிரித்தேன். அப்போது மதியம் 2.05.

இது நடந்தது. போன பிப்ரவரியில், கடலூர் முதுநகரில், பட்டப்பகலில். நான் சதா மொழிபெயர்ப்பு நாவலும் கையுமாக இருப்பவள்தான். பனியே பார்க்காமல் பனியைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவேன். அதனால் இதையும் எங்கோ படித்ததாக நினைத்துவிடாதீர்கள். படித்ததாக இருந்தால் எனக்கு முடிவு தெரிந்திருக்கும்.

வேலை இதுதான். தூரத்தில் ஒரு குளிர்நாடு; அங்கே ஒரு நிறுவனம். அணு உலைகளில் எரிந்து தீர்ந்த எரிபொருளைப் பூமிக்கு நானூறு மீட்டர் கீழே, பாறைக்குள் வைத்து நிரந்தரமாக மூடப்போகிறார்கள். அதன் விஷம் அடங்க லட்சம் வருஷம் ஆகும். அதுவரை யாரும் தோண்டக்கூடாது. லட்சம் வருஷம் கழித்து அங்கே யார் இருப்பார்கள், என்ன பேசுவார்கள் என்று யாருக்குத் தெரியும்? அதனால் நாற்பது மொழிகளில் எச்சரிக்கை. பீங்கான் தகட்டில் எழுத்தாகவும், குரலாகவும். அவர்கள் கொடுத்த வரிகளைத் தமிழாக்கிப் படிப்பது நான்.

மொத்தம் பன்னிரண்டு வரிகள். கேட்கிறவர் யோசிப்பதற்காக, வரிக்கு வரி ஆறு வினாடி இடைவெளி. ஒரே ஒரு ஆளுக்குப் புரியாமல் போனாலும் அவர் தோண்டுவார். தோண்டினால் சாவார். இரண்டு மாதமாக எனக்கு அதே கவலை.

பிரியா என் கல்லூரித் தோழி. கோயில் பாட்டுகள் பதிவுசெய்ய வீட்டு மாடியில் ஒரு சின்ன அறை வைத்திருக்கிறாள். ரயில்வே ஸ்டேஷன் பக்கம் என்பதால் ரயில் போனபிறகுதான் பதிவு. நான் சிதம்பரத்திலிருந்து பஸ்ஸில் வந்திருந்தேன். மாலை ஐந்துக்குள் ஒலிப்பதிவை அனுப்ப வேண்டும்.

2.31-க்கு ரயில் போனது. ஏசியை நிறுத்தினாள். என்னை உள்ளே விட்டுக் கதவை மூடினாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஹெட்போனோடு அவள். நான் படித்தேன்.

“இங்கே புதையல் இல்லை.”

ஆறு வினாடி.

“இங்கே புதைத்திருப்பது விஷம்.”

ஆறு வினாடி. ஐந்தாவது வரி முடிந்ததும் பிரியா கையைத் தூக்கினாள்.

“நடுவுல ‘ம்’ கொட்டாதடி.”

“நான் எங்க கொட்டுனேன்?”

“சரி, மறுபடி மொதல்லேந்து.”

2.48. இந்த முறை அவள் நிறுத்தவில்லை. ஆனால் ஏழாவது வரிக்குப் பிறகு திரையைப் பார்ப்பதை விட்டுவிட்டு என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

2.52-க்கு வெளியே வந்தேன். பிரியா ஹெட்போனை நீட்டினாள்.

முதல் இரண்டு இடைவெளிகளில் எதுவும் இல்லை.

மூன்றாவதில் தண்ணீர் சொட்டும் சத்தம். சொட்... சொட்... பெரிய குகைக்குள் சொட்டுவதுபோல. பிரியாவின் அறை பத்துக்குப் பத்து.

நான்காவதில், “ம்.”

பெண் குரல். கதை கேட்கிறவர்கள் கொட்டுவார்களே, அந்த ‘ம்’.

ஐந்தாவதில் “ம்.” ஆறாவதிலும்.

ஏழாவது வரி, என் குரல்: “இது கோயில் அல்ல.”

“வெளக்கு ஏத்துனோமே...”

தமிழ்தான். ஆனால் நான் எந்த ஊரிலும் கேட்டிராத தமிழ். அழுத்தம் எல்லாம் வேறு இடத்தில் விழுந்தது.

ஒன்பதாவது வரி: “தோண்டாதீர்கள்.”

இடைவெளி.

சொட்...

சொட்...

“தோண்டியாச்சு.”

ஹெட்போனைக் கழற்றிவிட்டேன்.

பிரியா சிலுவை போட்டுக்கொண்டாள். “வெளியேந்து எதுவும் வராது. ஜன்னலக்கூட அடைச்சிருக்கேன்.”

“பிரியா, தோண்டிட்டா என்ன பண்ணணும்னு நாம எழுதவே இல்ல. பன்னண்டு வரில ஒண்ணு கூட இல்ல.”

“அவுங்க குடுத்தது அவ்ளோதானே.”

3.31-க்கு அந்த நிறுவனத்துக்கு மெயில் போட்டேன். குரலைப் பற்றிச் சொல்லவில்லை. யாராவது ஏற்கெனவே தோண்டிவிட்டால் என்ன செய்வது என்று ஒரு வரி, ஒரே ஒரு வரி, சேர்க்கலாமா என்று கேட்டேன்.

3.58-க்குப் பதில் வந்தது. வாசகங்கள் இறுதி செய்யப்பட்டுவிட்டன. இது நிரந்தர மூடல். எனவே அந்த வரி தேவைப்படாது.

“மறுபடி படிக்கட்டுமா?”

“வேணாம்டி. மறுபடி உள்ள போவாத.” பிரியா மவுஸை எடுத்தாள். “இடைவெளி பதினொண்ணையும் வெட்டிடறேன். வெறும் மௌனம் வச்சா காதுக்கு உறுத்தும். நீ வர்றதுக்கு முன்னாடியே காலி ரூம் சத்தம் முப்பது செகண்ட் எடுத்து வச்சிருக்கேன். அத வெட்டி ஒட்டிட்டா தெரியாது.”

வெட்டினாள். ஒட்டினாள். கேட்டுப் பார்த்தோம். சுத்தமாக இருந்தது. 4.52-க்கு அனுப்பினோம்.

நான் தடுத்திருக்கலாம். தடுக்கவில்லை.

ஜூன் 19, காலை 9.15. நன்றி சொல்லி மெயில் வந்தது. தகடுகளையும் ஒலிப்பதிவையும் முதல் எரிபொருள் அறையோடு வைத்துக் களிமண்ணாலும் கான்கிரீட்டாலும் அடைத்துவிட்டார்களாம். இனி யாராலும், அவர்களாலும்கூட, திறக்க முடியாதாம்.

10.40-க்கு பிரியா போன் செய்தாள்.

“இலக்கியா... அந்தக் காலி ரூம் சத்தம். மாதா பாட்டு ஒண்ணுக்குத் தேவப்பட்டுச்சுன்னு எடுத்தேன். சவுண்டு நல்லா ஏத்தி வச்சுக் கேட்டேன்...”

“ம்.”

“காலியா இல்லடி.”

கையிலிருந்த புத்தகத்தை மூடினேன்.

“அதுல மொத ஆறு செகண்டத்தான் வெட்டி எடுத்தேன். பதினோரு எடத்துலயும் அதையேதான் ஒட்டியிருக்கேன்.”

வாட்ஸப்பில் கோப்பு வந்தது. ஒலியை முழுசாக ஏற்றினேன். காதோடு வைத்தேன்.

சொட்...

முதல் ஆறு வினாடிக்குள்ளேயே, அதே பெண். மிக மெல்ல. பக்கத்தில் ஒரு குழந்தை முனகுகிறது.

“அக்கா... புள்ளைக்குக் கையெல்லாம் எரியுதாம். எதுல கழுவணும்னு சொல்லுங்கக்கா...”