எதிர்ப்பாட்டு வராத இடம்

எனக்கு எழுபத்து மூன்று வயது. ஐந்து பிள்ளைகளை வளர்த்தேன். நான் பெற்றது நான்கு. ஐந்தாவது, மதினியின் மகள். மதினி பிள்ளை பெற்ற கையோடு காய்ச்சலில் கிடந்தபோது என் கைக்கு வந்தவள், நடக்கப் பழகும் வரை என் வீட்டில்தான் இருந்தாள். மதினி என்றால் சொந்தம் இல்லை. அவர்கள் மாதா கோயில் தெரு. நாங்கள் காளியம்மனைக் கும்பிடுகிறவர்கள். நாற்பது வருடம் ஒரே ஜீப்பில் ஏலத்தோட்டத்துக்குக் காய் எடுக்கப் போனதில் வந்த முறை அது. அவளும் என்னை மதினி என்றுதான் கூப்பிடுவாள்.

கம்பம் மெட்டு மலைப்பாதையில் ஏறும்போது வளைவுக்கு வளைவு வயிறு புரட்டும். பாடினால் புரட்டாது என்று கண்டுபிடித்தவள் மதினிதான். அவள் ஒரு பாட்டுப் போடுவாள். வண்டி வளைவு திரும்பி முடிப்பதற்குள் நான் பதில் போட வேண்டும். அதை எதிர்ப்பாட்டு என்போம். மனப்பாடம் எல்லாம் கிடையாது, அந்த நேரத்துக்கு வாயில் வருவதுதான். மற்ற பெண்கள் கும்மிக்குத் தட்டுவது போல் கைதட்டுவார்கள்.

எங்கள் ஜீப்பில் ஒரு வழக்கம் இருந்தது. யாருக்குள் சண்டை என்றாலும் பாட்டில்தான் கேட்க வேண்டும், பாட்டில்தான் பதில் சொல்ல வேண்டும். பதில் வந்துவிட்டால் சண்டை முடிந்தது. ஜீப்பை விட்டு இறங்கிய பிறகு யாரும் அந்தப் பேச்சை எடுக்கக் கூடாது. ஒருமுறை என் கோழி அவள் மல்லிச் செடியைக் கிளறிவிட்டது. மூன்று நாள் பேசவில்லை. நாலாம் நாள் ஜீப்பில், "கொண்டக் கோழிக்கு மல்லி வாசம் கேக்குதா, கொழம்புல போட்டா ருசியா இருக்குமா" என்று போட்டாள். "கொழம்பு கொதிக்கட்டும் மதினி வீட்டுல, கோழிக்காரிக்கும் எல போடு கூடத்துல" என்றேன். டிரைவர் வண்டியை நிறுத்திவிட்டுச் சிரித்தான்.

போன வருடம் எங்கள் பக்கத்துச் சமுதாய வானொலியில் இருந்து ஒரு பெண் வந்தாள். இந்தப் பள்ளத்தாக்கில் இருக்கிற எல்லாச் சனங்களின் பாட்டையும் ஆட்டத்தையும் பதிந்து, ஒரு வாரம் பூராவும் போடப்போகிறோம் என்றாள்.

"தேவராட்டம் ஆடுறவுக வாராக. வீட்டுல கன்னடம் பேசுறவுக, மெட்டுக்கு அங்கிட்டு இருக்க மலையாளத்துப் பொம்பளையாளுக, எல்லாரும் வாராக பாட்டி."

"ஏத்தா, ரேடியாவுல ஆட்டம் எப்படித் தெரியும்?" என்று மதினி கேட்டாள்.

"காலுக்குக் கிட்ட மைக் வைப்போம். சலங்கை கேக்கும், மிதி கேக்கும்."

"அப்ப என் மதினிக்கு மைக்கு வேணாம். அவ மிதிச்சா சுருளிப்பட்டி வரைக்கும் கேக்கும்."

"இவ வாய்க்கும் வேணாம்னு எழுதிக்கத்தா" என்றேன் நான்.

மறுநாள் அந்தப் பெண் யார் யார் என்ன பாடுவது என்று ஒரு தாள் கொண்டுவந்து மதினியிடம் கொடுத்துவிட்டுப் போனாள். ஐம்பது வயதுக்கு மேல் மகளிர் குழுவில் கையெழுத்துப் பழகி, அப்படியே எழுத்துக் கூட்டவும் பழகியவள் நான். மதினிக்கு அதுவும் தெரியாது. அந்தப் பெருமை எனக்கு எப்போதும் உண்டு. தாளை வாங்கிக் கூட்டிக் கூட்டிப் படித்தேன். பாட்டு என்று போட்டு மதினி பெயர். கைதட்டு என்று போட்டு, குழுவினர். என் பெயரைக் காணோம்.

"என்ன மதினி போட்டிருக்கு?"

"ஒன் பேரு போட்டிருக்கு. நான் வாலு."

"யாரு சொன்னா?"

"தாளு சொல்லுது. படிக்கத் தெரிஞ்சவளுக்குத்தான் அது தெரியும்."

அந்தச் சொல்லை நான் சொல்லியிருக்கக் கூடாது. மதினி முகம் சுண்டிப்போனது. "எனக்குத் தெரியாதுதான். நீ வா. நான் சொல்லி மாத்தச் சொல்லுறேன்" என்றாள்.

பாட்டுப் பதிகிற அன்றைக்கு நான் போகவில்லை. வானொலிக்காரர்கள் அனுப்பிய வண்டி என் வாசலில் நின்று இரண்டு தடவை ஆரன் அடித்தது. "மதினி, வண்டி நிக்கிது" என்று அவள் குரல் கேட்டது. நான் உள்ளே உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தேன். இன்னொரு பிடி அரிசியை முறத்தில் கொட்டினேன்.

அதற்குப் பிறகு நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. ஒரு மாதம்கூட ஆகவில்லை. துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாளாம். எழுந்திருக்கவே இல்லை.

நான் வளர்த்த அவள் மகள் என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். "ஏன் அத்தே வரல? வண்டியில ஒங்களுக்கு எடம் விட்டே ஒக்காந்துச்சு அம்மா. திரும்பி வார வரைக்கும் அதுல யாரையும் ஒக்கார விடல."

பிறகு வானொலியில் அந்த வாரம் வந்தது. முதல் நாள் தேவராட்டம். உறுமியும் கால் மிதியும் அந்தப் பெண் சொன்ன மாதிரியே கேட்டன. மூன்றாம் நாள் நான் மொச்சை உரித்துக்கொண்டிருந்தேன். மதினி குரல் வந்தது.

"மெட்டு மேல மேகமெல்லாம் எறங்குதடி மதினி – ஒன்
மூக்கு மேல கோவம் மட்டும் எறங்கலையா மதினி?"

அதன் பிறகு பாட்டு இல்லை. கைதட்டு மட்டும் போய்க்கொண்டே இருந்தது. எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியும். மூன்றாவது வளைவு திரும்புகிற நேரம். அதுதான் இருப்பதிலேயே நீளமான வளைவு. பிறகு அடுத்த பாட்டைப் போட்டாள். மறுபடியும் கைதட்டு மட்டும். நான்கு தடவை கேட்டாள். நான்கு தடவையும் எனக்கு இடம் விட்டிருந்தாள். ஒரு பதில் போட்டிருந்தால் சண்டை முடிந்திருக்கும். அதுதானே வழக்கம்.

மறுநாள் காலையில் மதினி மகள் அந்தத் தாளைக் கொண்டுவந்தாள். மாதா படத்துக்குப் பின்னால் மதினி செருகி வைத்திருந்தாளாம். "இதுல என்ன இருக்குன்னு அம்மாவுக்குத் தெரியாது. ஆனா பத்திரமா வச்சிருந்துச்சு" என்றாள். வாங்கித் திருப்பினேன். மறுபக்கத்தில் முதல் வரி, எதிர்ப்பாட்டு. அதற்கு நேரே என் பெயர், தனியாக, பெரிய எழுத்தில்.

அன்றைக்கு நான் தாளைத் திருப்பிப் பார்க்கவில்லை. படிக்கத் தெரிந்தவள் என்று அவளிடம் சொன்னவள் நான்.

வானொலி நிலையத்துக்கு நானே போனேன். அந்தப் பெண் என் காதில் கருவியை மாட்டிவிட்டாள். "வெறும் கைதட்டா இருக்க எடத்தை வெட்டிரவான்னு அன்னைக்கே கேட்டேன் பாட்டி. வெட்டக் கூடாது, அது என் மதினி எடம்னு அவுக வஞ்சாக. இப்ப நீங்க பாடுங்க. கம்ப்யூட்டர்ல சேத்துரலாம்."

ஜீப்பில் தோளோடு தோள் இடித்து உட்கார்ந்து பாடுவது போல இரண்டு காதிலும் மதினி பாடினாள். என் இடம் வந்தது. வாயைத் திறந்தேன். நாற்பது வருடம் வளைவு திரும்புவதற்குள் வந்த சொல் ஒன்றுகூட வரவில்லை. மூன்று தடவை போட்டுப் பார்த்தார்கள்.

"ஏதாவது ஒரு வரி போதும் பாட்டி."

"ஏதாவது ஒரு வரிய அவளுக்கு நான் போட்டதில்லத்தா. அவ விட்ட எடம் அப்படியே கெடக்கட்டும். வெட்டிராத."

வீட்டுக்கு வந்து இதை எழுத உட்கார்ந்தேன். எழுத்துக் கூட்டிக் கூட்டி எழுதியதில் பல நாள் ஆகிவிட்டது. எழுதும்போதாவது பதில் வரும் என்று நினைத்தேன். வரவில்லை.

ஏத்தா பேத்தி, இங்கன வந்து ஒக்காரு. நான் எழுதுனத எனக்கு வாசிச்சுக் காட்டு. மதினி பாட்டு முடியிற எடத்துல கொஞ்சம் பொறுத்து வாசி. தாளத் திருப்பிப் பாரு, மறுபக்கமும் எழுதியிருக்கேன்.